தூக்க முடிந்த ஆம்ப்

முதுகு போனது ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு கல்யாண மண்டபத்துப் படியில். ரிசப்ஷன் கச்சேரி முடிந்து என் பேஸ் கிட்டார் ஆம்ப்பை இறக்கிக்கொண்டிருந்தேன். ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள் இருக்கிற பழைய மாடல். அரிசி மூட்டைக் கனம். இடுப்புக்கு மேலே ஏதோ பிடித்தது. பெட்டியை விடாமல் அதோடு உட்கார்ந்துவிட்டேன். நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்து தூக்கினார்கள். முதலில் பெட்டியை, பிறகு என்னை.

ராஜபாளையத்தில் எலும்பு டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, இனி கனமாக எதையும் தூக்கக் கூடாது என்றார். என்ன வேலை என்று கேட்டார். பகலில் நூல் மில்லில் சூப்பர்வைசர், முகூர்த்த நாளிலும் திருவிழாவிலும் பேஸ் வாசிக்கிறேன் என்றேன். "அப்ப அந்த ரெண்டாவது வேலைய விட்டிருங்க" என்றார், வெற்றிலையை விடச் சொல்வது போல. எழுந்து வந்துவிட்டேன்.

அவரைவிட எனக்குக் கோபம் எங்கள் கீபோர்டுகாரர் மேல்தான். குழுவை நடத்துவது அவர். என்னைவிட இளையவர். பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, நீங்க ரெஸ்ட் எடுங்க. பேஸை நான் இடது கையில போட்டுக்கிடுதேன்."

"எத்தனை நாளைக்கு?"

"ஒடம்பு சரியாகிற வரைக்கும்."

"டாக்டர் சரியாகாதுங்காரு."

அவர் பழப்பையை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்துக் கச்சேரிக் குழுவில் ஆளைக் குறைத்தால் முதலில் போகிறவன் பேஸ்காரன். பாடுகிறவர் வராவிட்டால் ஊரே கேட்கும். பேஸ் இல்லாவிட்டால் ஒருத்தனும் கேட்க மாட்டான். கீபோர்டில் கனத்த சுரமெல்லாம் இடது பக்கம்; கீபோர்டுகாரர்களின் இடது கை எத்தனையோ பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. நான் போவதாக இல்லை. அதற்கு நானே தூக்குகிற மாதிரி ஓர் ஆம்ப் வேண்டும். அதுவும் என் சம்பளத்துக்குள்.

ஸ்பீக்கர் இல்லாமல் ஆம்ப் மட்டும் தனியாக வருவதை ஹெட் என்பார்கள். இப்போது வருகிற ஹெட்டைத் தோள்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறலாம். போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். வெள்ளைக்காரர்கள் சோபாவில் உட்கார்ந்து வாசித்துவிட்டு, சத்தம் அப்படி இருக்கிறது இப்படி இருக்கிறது என்கிறார்கள். சீரியல் செட்டைப் போட்டதும் வோல்டேஜ் இறங்கி டியூப்லைட் துடிக்கிற தெருவில் இது அணையுமா, தாங்குமா? அதை ஒருத்தனும் சொல்லவில்லை.

மதுரைக் கடைக்கு எங்கள் பேட் வாசிக்கிற தம்பியும் கூட வந்தான். எலக்ட்ரிக் டிரம்ஸைத்தான் நாங்கள் பேட் என்போம். கடைக்காரப் பையன் ஒரு ஹெட்டைக் காட்டி, "எண்ணூறு வாட்ஸ் சார்" என்றான்.

"எத்தனை ஓம் ஸ்பீக்கர்ல?"

"எல்லாத்துலயும் சார்."

"பொய் சொல்லாத."

மின்தடை குறைந்த நாலு ஓம் ஸ்பீக்கர் போட்டால்தான் அந்தக் கணக்கு வரும். எட்டு ஓம் பெட்டியைச் சொருகினால் பாதிக்குக் கொஞ்சம் கூட வரலாம். அட்டைப் பெட்டியில் பெரிதாக அச்சடித்த எண்ணைப் பார்த்து வாங்குகிறவன் முட்டாள். நான் வாட்ஸ் குறைந்த ஒன்றை எடுத்தேன். விலையும் குறைவு. நூறு வோல்ட்டுக்கு இறங்கினாலும் வேலை செய்யும் என்று பின்பக்கம் போட்டிருந்தது. மைக் செட்டுக்கு நேராக வயர் கொடுக்க லைன் அவுட் இருந்தது. ஒற்றைக் கையில் தூக்கிப் பார்த்தேன். முதுகு ஒன்றும் சொல்லவில்லை.

"ஏண்ணே, இது டிபன் பாக்ஸ்லா? சாம்பார எந்தப் பக்கம் ஊத்தணும்?" என்றான் தம்பி.

"ஒன் வாயில ஊத்துவேன், வாலே."

லைன் அவுட் இருக்கும்போது ஸ்பீக்கர் எதற்கு என்று நினைத்தேன். ஹெட்டை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். அதுதான் நான் செய்த தப்பு.

ராஜபாளையத்தில் ஒரு தெருக் கோயில் பொங்கலில் முதல் கச்சேரி. மைக் செட்காரர் என் வயரை வாங்கிச் சொருகினார். முதல் பாட்டில் என் கம்பி எனக்கே கேட்கவில்லை. வெளியே நன்றாக வருகிறது என்று கையைக் காட்டினார். இரண்டாவது பாட்டிலும் அப்படித்தான். பாட்டு முடிந்ததும் இறங்கிப் போய்க் கேட்டேன்.

"கமிட்டில சொல்லிட்டாங்கண்ணே, பாட்டு வார்த்தை தெருக்கோடி வரைக்கும் கேக்கணும்னு. பேஸ் வச்சா ஜெனரேட்டர் தெணறுது. ஒங்க லைனக் கொறைச்சிருக்கேன்."

"எம்புட்டு கொறைச்ச?"

"முழுசா. கீபோர்டுல கொஞ்சம் வருதுல்ல, அது போதும்."

அடிக்கலாம் போலிருந்தது. மேடைக்கு வந்து உட்கார்ந்தேன். மூன்றாவது பாட்டு தொடங்கியது. கீபோர்டுகாரரின் இடது கை கனத்த சுரங்களுக்கு இறங்கி பேஸை எடுத்துக்கொண்டது. எனக்கே கேட்காத கம்பியை வாசித்துக்கொண்டிருந்தேன். இதுதான் கடைசிக் கச்சேரி என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

பாதிப் பாட்டில் தம்பி குச்சியைக் கீழே வைத்தான்.

"அண்ணே, எங்க போனீங்க?"

"இங்கதாம்லே இருக்கேன்."

"கேக்கலையே. நான் எதப் புடிச்சு அடிக்க?"

கீபோர்டுகாரர் திரும்பினார். "நான்தான் போடுதேன்ல மாப்ள, அடி."

"வலது கை வேகமா போறப்பல்லாம் ஒன் இடது கையும் சேர்ந்து ஓடுது மாப்ள. நான் பின்னாலயே ஓட முடியுமா? அண்ணன்னா ஒரே வேகத்துல நிப்பாரு."

கீழே இருந்து கமிட்டிக்காரர் கத்தினார். "என்னய்யா நிப்பாட்டிட்டீங்க, கரண்டுதான் இருக்குல்ல?"

"செத்த நேரம் இருங்கய்யா" என்று தம்பி குதித்து இறங்கினான். மைக் செட் வேனில் சும்மா கிடந்த ஸ்பீக்கர் பெட்டி ஒன்றை இழுத்தான். பழக்க தோஷத்தில் நான் குனிந்தேன்.

"தொடாதீங்கண்ணே!"

கீபோர்டுகாரர் கீபோர்டை விட்டு எழுந்தார். இறங்கி வந்து பெட்டியின் இன்னொரு பக்கத்தைப் பிடித்தார். இரண்டு பேரும் தூக்கி பேட் பக்கத்தில் வைத்தார்கள். ஹெட்டிலிருந்து வயரைச் சொருகினேன். சத்தம் தெருவுக்குப் போயிருக்காது. மேடைக்குக் கேட்டது. தம்பி குச்சியை எடுத்தான். கீபோர்டுகாரரின் இடது கை அவர் மடிக்குப் போனது.

பிறகு சின்னதாக ஒரு ஸ்பீக்கர் வாங்கினேன். கச்சேரிக்குக் கச்சேரி அந்த இரண்டு பேரும்தான் தூக்குகிறார்கள். நான் நன்றி சொன்னதில்லை. அவர்களும் எதிர்பார்க்கவில்லை. ஹெட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு, படியில் இடிக்காதீங்கலே என்று கத்தியபடி பின்னாலேயே போகிறேன்.