வந்த வரைக்கும் திறந்த பூட்டு

லலிதா ஆன்ட்டி இறந்த செய்தி எங்கள் ஞாயிறு வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அதற்கு மேலேயே, முந்தின நாள் அவர் அனுப்பிய கேள்வி பதிலில்லாமல் நின்றது: "இந்த வாரம் கிளாஸ் உண்டா, இல்லியா?"

மேனாம்பேடு நிரலாக்க வகுப்பில் அவரை எல்லோருக்கும் தெரியும். தொழிற்பேட்டைப் பட்டறை ஒன்றில் ஸ்டோர் பார்த்துக்கொண்டே, ஐம்பத்தெட்டு வயதில் வந்து சேர்ந்தவர். பதினோராம் வகுப்பு படிக்கும் என்னோடு அவரை ஜோடி சேர்த்தார்கள். ஒலிப்பதிவை மறையாக்கம் செய்து பூட்டி, கடவுச்சொல் கொடுத்தால் திறக்கும் நிரலை எழுதுவது எங்கள் வேலை. பதிவைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியே பூட்டினோம்.

அதில்தான் சண்டை. கோப்பில் ஒரு குறை இருந்தாலும் எதையுமே திறக்கக் கூடாது என்றேன். நான் படித்த புத்தகம் அப்படித்தான் சொன்னது.

"இன்னாம்மா நீ! ஆவடி வண்டி அம்பத்தூரோட நின்னுட்டா, ஏறினவங்கள எல்லாம் திரும்ப சென்ட்ரலுக்கா இட்டுகினு போவ? வந்த வரைக்கும் எறக்கி வுடு" என்றார். வகுப்பே சிரித்தது. கடைசியில், சரிபார்த்த துண்டுகளைத் திறந்துவிட்டு, முடிவு வரவில்லை என்று எச்சரிக்கும்படி எழுதினோம்.

அவர் முதலில் பூட்டியது, மகளுக்காகப் பேசிய பதிவை. மாலதி அக்கா தன் விருப்பப்படி திருமணம் செய்துகொண்டு போனதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. "மாலு கேட்டா பாஸ்வேர்டு குடு. கேக்கலன்னா வுட்டுடு" என்றார். பூட்டியதைத் தன் பென் டிரைவுக்கு மாற்றிக்கொண்டு, அசலை அன்றே அழித்துவிட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் அக்கா வந்து பாஸ்வேர்டு கேட்டார். அம்மாவின் பென் டிரைவை என்னிடம் நீட்டும்போதே, "திட்டித்தான் வெச்சிருப்பாங்க, இல்ல?" என்றார். எனக்குத் தெரியாது. திறக்கப் போனால், கோப்பு பாதியில் அறுந்திருந்தது. நகல் முடிவதற்குள் பென் டிரைவைப் பிடுங்குவது ஆன்ட்டியின் வழக்கம்.

ஆனால் குரல் வந்தது.

"மாலு, கோவம்லாம் எப்பவோ போச்சுடி. நீ கூப்புடுவேன்னு நானும், நான் கூப்புடுவேன்னு நீயும் குந்திகினு கீறோம். மாப்பிள்ளைய இட்டுகினு ஊட்டுக்கு வா. வரும்போது அந்தப் பச்சப் பட்டுப் பொடவைய..."

அதோடு நின்றது. திரையில் எங்கள் எச்சரிக்கை: முடிவு வந்து சேரவில்லை.

அக்கா அழுதுகொண்டே சிரித்தார். "எடுத்துகினு வாடி திருடின்னு சொல்லியிருப்பாங்க. அதைக் கட்டிகினுதான் ஓடினேன்."

என் விருப்பப்படி எழுதியிருந்தால், அன்று அக்காவுக்குப் பிழைச் செய்தி மட்டும்தான் கிடைத்திருக்கும். அந்த நிரலை அப்படியே வைத்திருக்கிறேன். எழுதியவர்கள் என்று அதன் தலையில் இரண்டு பெயர்கள். அவருடையதுதான் முதலில். அது வேறொரு சண்டை. அதிலும் அவர்தான் ஜெயித்தார்.