கழிவு யாருக்கு?

சாய ஆலையில் அவளுக்குத் 'தண்ணிக்காரி' என்று பெயர். புதிதாக வருகிறவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு ஒரு தினுசாகப் பார்ப்பார்கள். பாவம், அவள் காப்பிகூடக் குடிக்காதவள். ஆலைக்குப் பின்னாலுள்ள வாய்க்காலில் தண்ணீர் மொண்டு சோதித்து, கம்பெனியின் ஆண்டறிக்கையில் சுற்றுச்சூழல் பக்கத்தை எழுதுவதுதான் அவள் வேலை.

அந்த வருடம் சாயக்கழிவு ஏகத்துக்கும் கூடிவிட்டது. "அந்தப் பக்கத்தையே எடுத்துடு. இல்லைன்னா வேற வேலை பாத்துக்கோ," என்றார் மேனேஜர். வீட்டில் அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. ஆனாலும் எடுக்கவில்லை. வாய்க்கால் ஓரத்துப் பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் சொறி. கண்ணால் பார்த்துவிட்டு எப்படி எடுப்பது? அறிக்கையோடு இயக்குநர்கள் கூட்டத்தில் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

இயக்குநர்களில் ஒரே பெண், முதலாளியின் அக்கா. சட்டப்படி ஒரு பெண் வேண்டுமே என்று உட்கார வைத்தது. வாயே திறக்காத மனுஷி, அன்று அறிக்கையைப் புரட்டியவர் முகமெல்லாம் பல்லானார்.

"பரவாயில்லையே தம்பி! கழிவு ரெண்டு மடங்கா? யாருக்குக் குடுத்தோம்?"

ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர், அங்கே கழிவு என்றால் தள்ளுபடி. அறையே கொல்லென்று சிரித்தது. அக்காவின் முகம் சுண்டிப்போனது. சாயத்தண்ணீர் என்று பக்கத்திலிருந்தவர் சொல்லி விஷயம் விளங்கியதும், பார்வை நேராகக் கடைசி நாற்காலிக்கு வந்தது.

"நீதானேம்மா எழுதினே? நீயே சொல்லு. இது யாருக்குப் போகுது?"

"பின்னாடி தெருவுக்கும்மா." எழுந்து நின்றாள். "அவங்க குளிக்கிற தண்ணியில."

சிரிப்பு அடங்கியது. "அந்தப் பக்கத்தை எடுத்துடலாம்னு..." என்று இழுத்தார் மேனேஜர்.

"எடுத்தா என் கையெழுத்து இருக்காது," என்றார் அக்கா. "தம்பி, பொம்பளை ஒருத்தி வேணும்னுதானே கூப்பிட்டே? வேற பொம்பளையைத் தேடிக்கோ."

பக்கம் தப்பியது. வேலையும் தப்பியது. பேருக்குப் போட்ட நாற்காலியாக இருந்தால் என்ன, போட்ட சட்டத்துக்குக் கோடிப் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டாள் தண்ணிக்காரி.

படிக்கட்டில் ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்தாள். பேச வந்தவளுக்கு அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது. "உயிருள்ளவரைக்கும் மறக்க மாட்டேம்மா. நீங்க மட்டும் கேக்கலைன்னா..."

"அடப் போம்மா! நெஜமாவே தள்ளுபடின்னுதான் நெனச்சேன்." அக்கா சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "இத்தனை வருஷம் படிக்காமலே கையெழுத்துப் போட்டவளுக்கு நன்றி சொல்றியே. நட, அந்தத் தெருவைக் காட்டு."