நாலணா வைக்காமல் ஓடிய ரிக்கார்டு

1. குதித்த ஊசி

"ஏம்மா, நீ வாசிச்சாலும் ஒண்ணுதான், வாசிக்கலைன்னாலும் ஒண்ணுதான்" என்றார் வரதன் சார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

எழுபதுகளின் நடுவில், கோடம்பாக்கம் பக்கம் ஒரு ரிக்கார்டிங் ஸ்டூடியோவில் நடந்தது இது. வரதன் சார் அங்கே சவுண்ட் எஞ்சினியர். நான் ஸ்டெல்லா. தாம்பரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். டியூட்டி இல்லாத நேரத்தில் பேஸ் கிடார் வாசிப்பவள். நாலே தந்தி, எல்லாம் கட்டை சுரம், பாட்டுக்கு அடித்தளம் போடுகிற வேலை.

எங்கள் குழுவின் பெயர் 'டெர்மினஸ் ஃபோர்'. அப்போது எலெக்ட்ரிக் ரயில் தாம்பரத்தோடு முடிந்துவிடும், அதனால் அந்தப் பெயர். அறுபதுகளில் ரயில்வே இன்ஸ்டிட்யூட் டான்ஸ், காலேஜ் விழா என்று ஓடி ஓடி வாசித்தோம். பாடுவதும் ரிதம் கிடாரும் ரெஜி. ரயில்வே காலனி ஆங்கிலோ இந்தியன், கார் ஷெட்டில் ஃபிட்டர். டிரம்ஸ் பல்லாவரம் தாஸ். முக்கியமான ஆளான, மெட்டை எடுத்து வாசிக்கிற லீட் கிடார்க்காரன் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினான். குழு அன்றைக்கே படுத்துவிட்டது.

எட்டு வருஷம் கழித்து ரெஜி தமிழிலேயே எட்டுப் பாட்டு எழுதிக்கொண்டு வந்து நின்றான். ஒரு கம்பெனியும் எல்.பி. ரிக்கார்டு போடச் சம்மதித்தது. எங்கள் குழுவின் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டுக் கம்பெனி மேனேஜர் கேட்டார்: "ஃபோர்னு போட்டிருக்கு, மூணு பேர்தானே வந்திருக்கீங்க?"

"நாலாவது ஆளு ஆஸ்திரேலியால கீறான் சார். கொஞ்சம் லேட்டா வருவான்" என்றார் தாஸ்.

லீட் இல்லாத குறையை என் பேஸை வைத்துத்தான் ஈடுகட்டியிருந்தோம். லீட் வர வேண்டிய இடத்தில் நான் வருவேன். முதல் பாட்டு ஆரம்பிப்பதே பேஸ் மட்டும் தனியாக. அந்தப் பாட்டை எடுத்து, சோதனைக்காக ஒரு தட்டு வெட்டி, சூட்கேஸ் மாதிரி மூடி வைத்த ஒரு சின்ன ரிக்கார்டு பிளேயரில் போட்டார் வரதன் சார். "நம்ம ஜனங்க வீட்டுல இருக்கறது இதுதான்" என்றார்.

என் மூன்றாவது சுரத்திலேயே ஊசி குதித்தது. கட்டை சுரம் பலமாக இருந்தால் தட்டில் பள்ளம் அகலமாக வளையும். மட்டமான ஊசி அதிலிருந்து எகிறிவிடும். வரதன் சார் சட்டைப் பையிலிருந்து ஒரு நாலணாவை எடுத்து ஊசியின் தலைமேல் வைத்தார். அந்தக் காலத்தில் பிளேயர் வைத்திருந்த எல்லா வீட்டிலும் செய்கிற வைத்தியம்தான். அப்படியும் குதித்தது.

"மெஷின் மட்டம் சார்" என்றேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஊசி குதிச்சா கடைக்காரன் மொத்தத் தட்டையும் திருப்பி அனுப்பிடுவான்மா."

ஏதோ குமிழைத் திருகினார். இன்னொரு தட்டு வெட்டினார். இந்த முறை ஊசி சமர்த்தாக ஓடியது. டிரம்ஸ் கேட்டது, ரெஜியின் பாட்டு கேட்டது. என்னைக் காணோம். ஆரம்பத்தில் நான் தனியாக வாசித்த இடத்தில் தட்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. "எப்படியும் இந்த ஸ்பீக்கர்ல பேஸ் கேக்காது" என்று சொல்லிவிட்டுத்தான் அந்த 'வாசிச்சாலும் ஒண்ணுதான்' வாக்கியத்தைச் சொன்னார். அடுத்த கால்ஷீட் பத்து நாள் கழித்து. மொத்த ரிக்கார்டையும் இப்படியே முடித்துவிடலாம் என்பது அவர் யோசனை.

திரும்பும் ரயிலில் ரெஜி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினான். "விட்டுடு மேன் ஸ்டெல்லா. ரிக்கார்டு வெளியே வரட்டும். அட்டையில உன் பேர் இருக்கும், இல்ல?"

"பேர் இருக்கும். நான் இருக்க மாட்டேன்."

"எட்டு வருஷம் ஆச்சு மேன். இன்னொரு சான்ஸ் வராது."

"அதான் சொல்றேன். எனக்கும்தான் வராது!"

எதிர் ஸீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். பார்க்கட்டும். பல்லாவரத்தில் இறங்கும்போது தாஸ் மட்டும், "இன்னா பண்ணப் போறே சொல்லு, நான் கீறேன்" என்றார்.

2. தோல் மண்டி முதலாளி

அடுத்து நான் செய்ததைப் புரிந்துகொள்ள, நான் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்த முதல் வாரத்துக்குப் போக வேண்டும். அப்போதெல்லாம் டயல் கிடையாது. ரிசீவரை எடுத்தால் போர்டில் விளக்கு எரியும். நாங்கள் கார்டு என்கிற இணைப்பு ஒயரைச் செருகி, "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்டு, கேட்ட நம்பருக்கு இணைப்போம். நாள் முழுக்கத் தலையில் ஹெட்செட். சாயங்காலம் வீட்டுக்குப் போனாலும் காது இரைந்துகொண்டே இருக்கும்.

தினமும் பத்து மணிக்கு ஒரு தோல் மண்டி முதலாளி லைனில் வருவார். மெல்லிய, மூக்கால் பேசுகிற குரல். ஒல்லியான ஆள் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் புகார் கொடுக்க நேரில் வந்தார். ஆறடி ஆள்! "யாரும்மா இங்க சூப்பர்வைசர்?" என்று கேட்டதில் மேஜைமேல் இருந்த டம்ளர் அதிர்ந்தது. ஆனால் அவர் வாயைத் திறந்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது, பத்து மணிக்காரர்தான் என்று.

எங்கள் சூப்பர்வைசர் ராஜம்மாள் மேடம் அன்றைக்குச் சொன்னார்: "லைன்ல நெஞ்சுக் குரல் போகாது. கட்டை சத்தத்தையெல்லாம் ஒயர் தின்னுடும். மீதி வர்றதை வெச்சுத்தான் ஆளைக் கண்டுபிடிக்கணும். அதுக்குத்தான் நமக்குச் சம்பளம்."

ஸ்டூடியோவிலிருந்து வந்த மறுநாள் காலை டியூட்டியில் இருந்தேன். பத்து மணிக்கு விளக்கு எரிந்தது. கார்டைச் செருகினேன். அதே மெல்லிய குரல். எனக்குப் பொறி தட்டிவிட்டது. நெஞ்சே இல்லாமல் இந்த மனுஷன் எனக்குத் தெரிகிறாரே! அப்படியானால் நான் ஏன் கட்டையாக வாசித்துச் சாக வேண்டும்? டெலிபோன் ஒயரில் கேட்கிற மாதிரி வாசித்தால், அந்தச் சூட்கேஸ் பிளேயரில் கேட்காமல் எங்கே போகும்? ஒயர் தின்கிற பாகம்தானே ஊசியையும் குதிக்க வைக்கிறது?

3. பவுடர் பஃப்

சேலையூரில் எங்கள் சர்ச் ஹாலில்தான் பிராக்டீஸ். பக்கத்து அறையில் பாஸ்டர் ஐயாவின் டெலிபோன். என் வார லீவு நாளில் ஆம்ப்ளிஃபயரை அங்கே இழுத்து வைத்தோம். எக்ஸ்சேஞ்சில் மத்தியான டியூட்டி என் சிநேகிதி சுபைதாவுக்கு. கூப்பிட்டால் அவள்தான் எடுப்பாள். தாஸ் ரிசீவரை ஸ்பீக்கருக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். நான் வழக்கம்போலக் கட்டை விரலால் வாசித்துவிட்டு ரிசீவரை வாங்கினேன்.

"கேக்குதாடி?"

"எங்க கேக்குது? யாரோ தூரத்துல மாவு இடிக்கிற மாதிரி இருக்கு. தாஸ் அண்ணனா அது?"

"அவர் ரிசீவரைத்தான் பிடிச்சுக்கிட்டிருந்தார்டி. அது நான்தான்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரெஜி மூலையில் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். பையிலிருந்து தன் பிளெக்ட்ரத்தை எடுத்து என்மேல் போட்டான். விரலுக்குப் பதில் அந்தப் பிளாஸ்டிக் துண்டால் தட்டினேன். கை வைக்கிற இடத்தைத் தந்தி முடிகிற பிரிட்ஜ் பக்கம் தள்ளினேன். சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றினேன்.

"இப்ப வருது. ஆனா ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது, கசகசன்னு இருக்குடி" என்றாள் சுபைதா.

சுரம் இழுத்துக்கொண்டு நிற்கக் கூடாது, தட்டியதும் அடங்க வேண்டும். தந்திக்கு அடியில் எதையாவது மெத்தென்று செருக வேண்டும். கைக்குட்டையை வைத்துப் பார்த்தேன், செத்த சத்தம் வந்தது. கைப்பையைக் கவிழ்த்தேன். பவுடர் பஃப் விழுந்தது. அதைப் பிரிட்ஜ் ஓரமாகத் தந்திக்குக் கீழே திணித்தேன். தட்டினால் வெள்ளையாகப் பவுடர் பறந்தது. "கிடார் வாசிக்கிறியா, மாரியம்மனுக்கு மாவெளக்கு போடுறியா?" என்றார் தாஸ்.

மறுபடி வாசித்தேன். ரிசீவரை வாங்கினால் சுபைதாவின் சத்தமே இல்லை. வேறொரு குரல் வந்தது.

"ஸ்டெல்லா, லீவு நாள்ல என் போர்டுல என்ன பண்றே?"

ராஜம்மாள் மேடம். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். முடியவில்லை, அவ்வளவு கோபம் எனக்குள் மீதி இருந்தது.

"மேடம், என்னை ரிக்கார்டுலேருந்து தூக்கிட்டாங்க. கேக்காதுன்னு சொல்லிட்டாங்க. ஒயர்ல கேட்டா ரிக்கார்டுலயும் கேக்கும். அதுக்குத்தான்."

மேடத்திடமிருந்து வந்தது ஒரே வார்த்தை.

"வாசி."

வாசித்தேன். முழுப் பாட்டும் வாசித்தேன்.

"கடைசி அடியில ஒரு சுரத்தை முழுங்கிட்டே. மத்ததெல்லாம் தெளிவா வருது. அஞ்சு நிமிஷத்துல லைனை விடு" என்று வைத்துவிட்டார்.

ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு அழுதுவிட்டேன். சந்தோஷம்தான், வேறென்ன. பிறகு அந்த முழுங்கின சுரத்தைச் சரி செய்ய மறுபடி கிடாரை எடுத்தேன். ரெஜி மூலையிலிருந்து எழுந்து வந்து தன் கிடாரை மாட்டிக்கொண்டான்.

4. நாலணா

பத்தாம் நாள் கால்ஷீட்டுக்குப் போனோம்.

"என்னம்மா, ஸ்டூடியோ பூரா பவுடர் வாசனை?" என்றார் வரதன் சார். கிடாரைக் காட்டினேன். பஃப்பைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"சார், ஒரே ஒரு சோதனைத் தட்டு. எந்தக் குமிழையும் திருகாம வெட்டுங்க."

"குதிச்சா?"

"குதிச்சா கிடாரை இங்கேயே வெச்சுட்டுப் போறேன். நீங்க இஷ்டப்படி முடிச்சுக்கோங்க."

ரெஜி என்னைப் பார்த்தான். நான் கிடாரை மாட்டிக்கொண்டேன்.

வாசித்தோம். தட்டு வெட்டி வந்தது. அதே சூட்கேஸ் பிளேயர். வரதன் சார் பழக்க தோஷத்தில் பையிலிருந்து நாலணாவை எடுத்து ஊசியின் தலையில் வைத்தார். நான் கையை நீட்டி அதை எடுத்துவிட்டேன்.

"அம்மா, அது இல்லாம நிச்சயம் குதிக்கும்."

"போடுங்க சார்."

ஊசியை இறக்கினார். முதல் சுரம் வந்தது. இரண்டாவது. போன தடவை குதித்த மூன்றாவதும் வந்தது. ஊசி நகர்ந்துகொண்டே இருந்தது. அந்த மட்டமான சின்ன ஸ்பீக்கரில் என் பேஸ் டக் டக்கென்று, ஒரு சுரம் விடாமல் வந்தது. பிறகு தாஸ் சேர்ந்தார், ரெஜி பாடினான். ஆஸ்திரேலியாக்காரன் வாசிக்க வேண்டிய இடம் வந்தபோது அங்கேயும் நான்தான் இருந்தேன். பாட்டு முடிந்து ஊசி நடு லேபிளில் போய் உரசியது.

வரதன் சார் மறுபடி போட்டார். குனிந்து ஸ்பீக்கரில் காதை வைத்தார். நிமிர்ந்து, வெட்டுகிற அறைப் பக்கம் குரல் கொடுத்தார்: "எட்டுப் பாட்டுக்கும் இதே செட்டிங். யாரும் பேஸைத் தொடக் கூடாது."

ரிக்கார்டு வந்தது. ஓஹோ என்று விற்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரு கடையிலிருந்தும் திரும்பி வரவில்லை. கேம்ப் ரோட்டில் ஒரு கடை வாசலில் பாடிக்கொண்டிருந்ததை ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். நான் அதில் இருந்தேன்.

வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். உங்களைக் கேட்காது, தெரியாது, தேவையில்லை என்று யாராவது சொன்னால், சரி என்று எழுந்து வந்துவிடாதீர்கள். எதில் கேட்காது என்று கேளுங்கள். வீட்டுக்குப் போய் அதில் கேட்கிற மாதிரி வாசித்துவிட்டு மறுபடி போய் நில்லுங்கள். பவுடர் பஃப்போடு போனாலும் பரவாயில்லை.

அன்றைக்கு ஸ்டூடியோவை விட்டுக் கிளம்பும்போதுதான் கவனித்தேன், என் உள்ளங்கை இன்னும் இறுக மூடியே இருந்தது. திரும்பிப் போய் வரதன் சார் முன்னால் கையை விரித்தேன்.

"சார், உங்க நாலணா."