எண்ணெய்த் துளைக்கு வைத்த பொட்டு

பட்டறை வைத்திருக்கும் வாசகர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும்.

செல்லூரில் எங்கள் பட்டறைக்கு இருந்தது ஒரே ஒரு மின்சாரத் துளை மிஷின். யுத்த காலம், புதிது கிடைக்காது. அதன் சுழல்தண்டைத் தாங்கும் பித்தளை வளையங்கள் தேய்ந்து ஆடின. புஷ் என்போம். நானே புது புஷ் கடைந்து மாட்டினேன். மறுநாள் ஆயுத பூஜை. மிஷினுக்கு வஞ்சனையில்லாமல் சந்தனம் வைத்தேன்.

பத்தே நாளில் உள்ளே ஒரு முனகல். எண்ணெய் விட்டேன், இறங்காமல் வழிந்தது. நிறைய இருக்கிறது போல என்று விட்டுவிட்டேன். பிறகு மிஷின் சுட்டது. ஒருநாள் பிடித்த கையில் எறும்பு ஊர்வதுபோல் சுரீரென்றது. புது புஷ், பழகிவிடும் என்றேன்.

அடுத்த சில நாளில் மழைத்தண்ணீர் பட்டறைக்குள் வந்திருந்தது. வெறுங்காலோடு நின்று மிஷினை ஓடவிட்டேன். அது என் கையைப் பிடித்துக்கொண்டது. கத்த வாய் வரவில்லை. என் முகத்தைப் பார்த்த கூட்டாளி அந்தோணி அண்ணன் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார்.

பிரித்துப் பார்த்தோம். எண்ணெயில்லாமல் புஷ் தேய்ந்து, தண்டு சாய்ந்து உரசியதில் கம்பிச் சுருளின் உறை கிழிந்து, மிஷினின் இரும்புக் கூட்டிலேயே மின்சாரம் பாய்ந்திருக்கிறது. அண்ணன் எண்ணெய்த் துளையை ஊசியால் குத்தினார். மஞ்சள் கட்டி ஒன்று உதிர்ந்தது. மோந்து பார்த்தார்.

"சந்தனம், மாப்ள! பொட்டு வைக்கிறேன்னு அது வாயவே அடைச்சுட்டியே!"

இப்போதும் பொட்டு வைக்கிறேன், எண்ணெய்த் துளையில் தீக்குச்சி செருகிய பிறகுதான். முனகும் மிஷினைப் பிரித்துப் பார்க்காமல் தொடுவதில்லை. ஆனால் பொட்டு வைக்கும் அந்த மோதிர விரலுக்குச் சந்தனத்தின் குளிர்ச்சி இன்றுவரை தெரிவதில்லை.