பிலோமினா அக்காவும் சிவப்புப் பூட்டுக் கதவும்

செவ்வாய்க்கிழமை காலை ரெஜினா போன் செய்தபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். "முருகேசா, அக்கா போயிட்டாங்கப்பா" என்றார். அழவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிப் போகும் சத்தம் கேட்டது. பிறகு, "கார்டு நீயே அடிச்சுக் குடுத்துடு. வேற யாருகிட்ட போய் நிக்கிறது?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. காக்ஸ் டவுனில் யார் இறந்தாலும் அந்த அறிவிப்புக் கார்டை அடித்துக் கொடுத்தவர் அவருடைய அக்கா பிலோமினாதான். அவருக்கு அடிக்க நான்தான் மிச்சம். வாயைக் கொப்பளித்துவிட்டுக் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். உங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையோ, ஞானஸ்நான அழைப்போ, சாவுக் கார்டோ அவர் கையில் உருவாகியிருக்கும். மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் டி.டி.பி. கடையில் உட்கார இடம் கொடுக்காமல் உங்களை அவர் நிற்கவைத்ததும் நினைவிருக்கும். பெயரைத் தப்பாக எழுதிக்கொண்டு வருகிறவர்களிடம் அவர் பேசிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. நான் அந்தக் கடையில் சேர்ந்தபோது என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், தங்கை ரெஜினாவோடு இருப்பவர் என்பதுதான் தெரியும். அவர் ஒரு விளையாட்டுப் பைத்தியம் என்பது பிறகுதான் தெரிந்தது.

கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்த ஆள் ஒரு பிளாப்பியிலிருந்து அந்த விளையாட்டை ஏற்றிவிட்டுப் போனார். புதையல் தேடும் விளையாட்டு. தோளில் சாக்குப்பை மாட்டிய ஒரு குள்ள மனிதன் குகைக்குள் நுழைவான். பலகை விட்டுப் பலகை தாவ வேண்டும், கயிற்றில் ஏற வேண்டும், பச்சைக் கற்களைப் பொறுக்க வேண்டும். மேலே பாறை உருண்டு வரும். வலது பக்கத்திலிருந்து ஒரு வௌவால் பாயும். கடைசியில் கிணறு மாதிரி ஒரு பள்ளம். அதில் இறங்கினால் முதல் லெவல் முடிந்தது. பத்திரிகைகளில் மை காய்கிற நேரம் எங்களுக்கு வேறு வேலை கிடையாது. அப்போதுதான் ஆடுவோம்.

எங்களிடம் இருந்த விளையாட்டில் ஒரு விசித்திரம் இருந்தது. பள்ளத்தில் இறங்கியதும் இரண்டாவது லெவல் வராது. குள்ள மனிதன் மறுபடியும் குகை வாசலிலேயே நிற்பான். குகையின் உச்சியில், வலது மூலையில், சிவப்புப் பூட்டுப் போட்ட ஒரு கதவு இருந்தது. கயிற்றில் ஏறினால் அதன் முன்னால் போய் நிற்கலாம், திறக்க முடியாது. சாவியை எடுக்காமல் இறங்கிவிடுவதால்தான் விளையாட்டைச் செய்தவன் நம்மைத் திருப்பி அனுப்புகிறான் என்பது பிலோமினா அக்காவின் கணக்கு. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. "சாவி இங்கதான் எங்கயோ வெச்சிருக்கான். நம்மதான் சரியா பாக்கல" என்பார். அதற்காகக் குகையின் ஒவ்வொரு சுவரிலும் குள்ள மனிதனைக் கொண்டுபோய் முட்டவைத்தார். ஒரு சுவர் விட்டு வைக்கவில்லை. வருஷக்கணக்காக முட்டினோம். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வரவேண்டும், வரவில்லை.

முதல் லெவலை அவரைப் போல ஆட யாராலும் முடியாது. நான் அவசரப்பட்டுத் தாவி வௌவாலிடம் மாட்டிக்கொள்வேன். அவர் பலகை ஓரத்தில் அசையாமல் நின்று, "வௌவாலு போவட்டும்ப்பா" என்பார். அது போனபின் நிதானமாகத் தாவுவார். நாளடைவில் கடையில் எல்லாவற்றுக்கும் அதுவே பேச்சாகிவிட்டது. ஒருமுறை ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரர், பத்திரிகையில் தன் பெயர் சின்னதாக இருக்கிறதென்று மேசையைத் தட்டிக் கத்தினார். நான் பதிலுக்கு எழுந்தேன். பிலோமினா அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, "வௌவாலு போவட்டும்" என்று மட்டும் சொன்னார். அந்த மனிதருக்கு என்ன புரிந்ததோ, கத்துவதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்படிப்பட்டவர் திடீரென்று வௌவாலிடம் சாக ஆரம்பித்தார். "எங்கேந்துப்பா வந்துச்சு இது?" என்று கேட்பார். எப்போதும் வருகிற இடத்திலிருந்துதான் வந்தது. வயசாகிறது என்று கேலி செய்தேன். அவரும் சிரித்தார்.

பிறகு ஒரு சாவுக் கார்டு வந்தது. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. சாவுக் கார்டுக்கு அவகாசம் கிடையாது என்பதால், முன்னால் இறந்தவருடைய கார்டைத் திறந்து, பெயரையும் வயதையும் நேரத்தையும் மாற்றி அடித்துக் கொடுப்போம். அன்றைக்குப் பிலோமினா அக்கா எல்லாவற்றையும் மாற்றினார், கீழே வலது ஓரத்தில் இருந்த அடக்க நேரத்தைத் தவிர. அது முந்தைய பெரியவருடைய நேரம். உறவுக்காரர்கள் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது குழியை மூடியாகிவிட்டது. இறந்தவருடைய மகள் கடைக்கு வந்து திட்டவில்லை. கார்டை மேசைமேல் வைத்துவிட்டு நின்றார். பிலோமினா அக்கா அதை எடுத்து, முகத்தை மெல்ல வலது பக்கம் திருப்பி, அந்த மூலையைத் தேடிப் பார்த்தார். அவர் தலையைத் திருப்பின விதத்தில் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி ஓரப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர். போனது வராது, மிச்சமும் நிற்கும் என்று சொல்ல முடியாது என்றார். சர்க்கரை வேறு இருந்தது. மறுநாள் பிலோமினா அக்கா வழக்கம்போல வந்து உட்கார்ந்து, சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, விளையாட்டைத் திறந்தார்.

"அக்கா, கண்ணுக்கு ரெஸ்ட் குடுங்க."

"ரெஸ்ட்டு குடுத்தா மட்டும் நிக்கவா போவுது? இது போறதுக்குள்ள அந்தக் கதவுக்குப் பின்னாடி இன்னா இருக்குதுன்னு பாத்துடணும்பா. வேற ஒண்ணும் வேணாம்."

விளையாட்டாகச் சொன்னதாகத்தான் நான் எடுத்துக்கொள்ளப் பார்த்தேன். அவர் முகம் அப்படி இல்லை. அந்தக் கடைக்கும் வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவில் அவர் தனக்கென்று ஆசைப்பட்டுக் கேட்ட வேறு எதுவும் எனக்கு நினைவில்லை.

லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் குமரன் என்ற சேலத்துக்காரர் வாடகைக்கு வந்தார். சாப்ட்வேர் வேலை. பேச்சுவாக்கில் அவரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு நிமிர்ந்து பார்த்தார். "சார், உங்ககிட்ட இருக்கறது சாம்பிள். ஒரு லெவல் மட்டும் இலவசமா குடுப்பாங்க. மிச்சம் முழு கேம்லதான் இருக்கும். அந்தச் சாவி மூணாவது லெவல்ல கெடைக்கும். அதை எடுத்துட்டுத் திரும்ப முதல் லெவலுக்கு வந்து தொறக்கணும்" என்றார். நாங்கள் தேடிய குகையில் சாவி ஒரு நாளும் இருந்ததில்லை.

மறுநாளே பிலோமினா அக்காவிடம் சொன்னேன். "சாவிய குடுக்கலன்னா எதுக்குப்பா கதவ வரைஞ்சான்? சுவரா வரைஞ்சிருந்தா நம்ம பாட்டுக்குப் போயிருப்போமே" என்றார்.

குமரன் எங்கெங்கோ கேட்டு முழு விளையாட்டைச் சிடியில் பிடித்துக் கொடுப்பதற்குள் பிலோமினா அக்கா வேலையை விட்டுவிட்டார். வெளிச்சம், இருட்டு என்ற வித்தியாசம்கூட மங்கிவிட்டது. கடையின் பழைய கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றி அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். ரெஜினா டீ போட்டுக் கொடுத்தார். நான் ஆட, பிலோமினா அக்கா பக்கத்து நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

"இப்ப குதி. குதிச்சியா? கல்லு எடுத்த சத்தம் வரலியே. திரும்பி வந்து குதி. ஆங். இப்ப பாறை உருளும், ஏறாத. சத்தம் நிக்கட்டும். இப்ப கயிறு. மேல போய் நில்லு. வௌவாலு போவட்டும். போயிடுச்சா? போ."

ஒரு கல்லைக்கூட விடாமல் என்னை அவர் முதல் லெவலைக் கடத்திவிட்டார். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான், பார்த்து ஆடியவர் அவர். பள்ளத்தில் இறங்கியதும் புதிதாக ஒரு சத்தம் வந்தது. இரண்டாவது லெவல். தண்ணீர், முதலைகள், நகரும் படிகள். பிலோமினா அக்கா முன்னால் குனிந்து, "இன்னா தெரியுது, சொல்லு சொல்லு" என்றார். சொல்லிக்கொண்டே ஆட எனக்கு வரவில்லை. செத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில், "உனக்குக் கண்ணு இருந்தும் தண்டம்பா" என்று சிரித்தார். அதற்குப் பிறகு போனபோதெல்லாம் முதல் லெவலையே ஆடச் சொன்னார்.

சிறுநீரகம் பழுதாகி அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபின், அந்தக் கம்ப்யூட்டரை என் வீட்டுக்குக் கொண்டுவந்து விடாமல் பழகினேன். நாற்பது வயசுக்காரன் முதலைகளோடு மல்லுக்கட்டுவதை என் மனைவி ஏற இறங்கப் பார்த்தாள். போன சனிக்கிழமை மூன்றாவது லெவலில் சாவி கிடைத்தது. முதல் லெவலுக்குத் திரும்பி வந்து, கயிற்றில் ஏறி, கதவைத் திறந்தேன். ஞாயிறு மதியம் பார்வையாளர் நேரத்தில் போய் அவர் காதருகே சொன்னேன்.

"அக்கா, கதவு தொறந்துடுச்சு."

அவர் முகம் என் பக்கம் திரும்பியது. "உள்ள இன்னா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவரிடம் எனக்குப் பொய் வராது. "சின்ன ரூமுக்கா. கொஞ்சம் பச்சைக் கல்லு. வெளிய இருக்குதே, அதே கல்லுதான்."

"வேற?"

"வேற ஒண்ணும் தெரியலக்கா."

அவர் யோசித்தார். மூச்சு வாங்கியது. "வலது ஓரம் பாத்தியா? சுவத்துல முட்டிப் பாத்தியா?"

"இல்லக்கா."

"நீ எப்பவும் அவசரம். பாத்துட்டு வந்து சொல்லு."

சரி என்றேன். செவ்வாய்க்கிழமை காலை ரெஜினாவின் போன் வந்துவிட்டது.

கார்டை நான்தான் அடித்தேன். எங்கள் வழக்கப்படி, முன்னால் இறந்தவருடைய கார்டைத் திறந்து பெயரை மாற்றினேன். முடிவில்லாத ஒளி அவர்மேல் விழட்டும் என்கிற வரியை விட்டுவிடாதே என்று ரெஜினா சொல்லியிருந்தார். அதை அடித்தேன். நம்பி அடித்தேன் என்று சொல்ல மாட்டேன். கீழே வலது ஓரத்தில் அடக்க நேரத்தை இரண்டு தடவை பார்த்தேன். இனி எந்தக் கார்டை அடித்தாலும் அந்த மூலையைப் பார்க்காமல் என்னால் அனுப்ப முடியாது. அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அவ்வளவுதான்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு, கம்ப்யூட்டரைப் போட்டேன். வௌவால் போகும்வரை நின்றேன். கயிற்றில் ஏறினேன். கதவைத் திறந்து உள்ளே போய், வலது ஓரச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஓர் இடம் விடாமல் முட்டிப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை, அக்கா.