இரு காலரிலும் ஓர் இலை

ஒரு மனிதரின் வேலையை நான்தான் பறித்தேன். தெரிந்தே பறித்தேன். ஏதோ தவறி நடந்தது என்று எண்ணிவிடாதீர்கள்!

மேனாம்பேட்டில் எங்கள் குடியிருப்பின் செயலாளர் பாஸ்கர். என் மகள் யாழினி கல்லூரித் தோழனின் வண்டியில் வந்து இறங்கிய காட்சியை, வாசல் கேமராவிலிருந்து எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். "பெத்தவங்க இன்னா பண்ணிகினு கீறாங்க?" என்று கீழே ஒரு வரி வேறு. எல்லா வீடுகளும் பார்த்தன. மகள் விடுதிக்குப் போனவள்தான்... இன்றுவரை வரவில்லை.

ஒரு தாய்க்கு வேறென்ன காரணம் வேண்டும்?

பிறகு பாஸ்கர் ரோந்துக் குழு தொடங்கினார். பழுப்புச் சட்டை, அவரே தலைவர். காலரில் அதிகாரிப் பட்டை வைக்க ஆசை. ஆவடி ராணுவ முகாம்காரர்களுக்குத் தைக்கும் தையல்காரரோ, நம் படைகளின் பட்டை என்றால் அடையாள அட்டை காட்ட வேண்டும் என்று மறுத்துவிட்டார்.

"மேடம், நீங்க ஹிஸ்டரி படிச்சவங்க. ஃபாரின் பட்டை எதுனா சொல்லுங்க, கெத்தா இருக்கணும்" என்று என்னிடமே வந்து நின்றார்.

என்னிடமே!

ஹிட்லரின் பழுப்புச் சட்டைப் படைதான் என் ஆய்வுப் பொருள். ராணுவம் அல்ல அது. அண்டை வீட்டாரைத் தெருவில் இழுத்துப் போட்டு அடித்த கூட்டம். நாஜி ஸ்வஸ்திகா என்றால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இரு காலரிலும் ஒற்றை ஓக் இலை இருந்தால்? அந்தப் படையில் 'ஸ்டாண்டார்டன்ஃபியூரர்' என்ற உயர்பதவியின் அடையாளம்... இங்கே யாருக்குத் தெரியும்? அளவு பிசகாமல் வரைந்து கொடுத்தேன்.

"இன்னா சார், வனத்துறையான்னு கேக்கறான் மேடம் அந்த டெய்லரு!" என்று பாஸ்கர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

குடியரசு நாளன்று அந்த இலைகளோடு கொடிக்கு சல்யூட் அடித்தார். படமெடுத்தேன். அவர் வேலை பார்த்த நிறுவனத்துக்கு ஜெர்மன் வாடிக்கையாளர்கள் அதிகம்; அந்த நாட்டில் இந்தச் சின்னத்தை அணிவதே குற்றம். பெயரில்லா மின்னஞ்சலில் படத்தையும் பதவியின் பெயரையும் அனுப்பினேன். பத்தே நாளில் வேலை போயிற்று.

இனித்ததா? இனித்தது! உங்களிடம் ஏன் பொய் சொல்ல வேண்டும்?

பிறகு அவர் மனைவி வந்தார்.

"யாரு வரைஞ்சி குடுத்ததுன்னு ஆபீஸ்ல துருவித் துருவிக் கேட்டாங்களாம்க்கா. நெட்லருந்து எடுத்தேன்னுட்டாரு. பொம்பள பேர எதுக்கு இழுக்கணும்னாரு. தெரியாமத்தான் போட்டாருன்னு நீங்களா ஒரு லெட்டர் எழுதித் தந்தீங்கன்னா..."

என் மகளை ஊருக்கே காட்டிய மனிதர், என் பெயரை மறைத்திருக்கிறார்!

"அது என்ன இலைன்னு எனக்கும் தெரியாதும்மா" என்றேன். கதவைச் சாத்திக்கொண்டேன்.

வீட்டை விற்று வெள்ளானூர்ப் பக்கம் போய்விட்டார்கள். அந்தக் கடிதத்தை இன்றும் எழுதலாம். எழுதவில்லை. அவர் என் பெயரைச் சொல்லியிருந்தால்... நிம்மதியாக வெறுத்துக்கொண்டிருப்பேன். அதைக்கூட அந்த ஆள் எனக்கு விட்டுவைக்கவில்லை!