மாதா முன்னால் வைத்த ஊசி

எனக்கு எழுபத்து நாலு வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. அக்கா பிள்ளைகள் இரண்டும் என் சோற்றில் வளர்ந்தவை. ஆறு பேரையும் ஊசிக்கு அழுத்திப் பிடித்தது நான்தான். இப்போது எனக்கே ஊசி.

மார்பில் கட்டி என்று கீமோ கொடுத்தார்கள். அதில் ரத்தத்தின் வெள்ளை அணு இறங்கிவிட்டது. அது ஏறாவிட்டால் அடுத்த கீமோ தள்ளிப்போகும் என்றார் டாக்டர். ஏற்றுவதற்குத் தினம் ஒரு ஊசி. முதல் ஊசியை ஆஸ்பத்திரியிலேயே போட்டு, மிச்சத்தைப் பெட்டியோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஃப்ரிட்ஜில் வைக்கணும், ஃப்ரீசரில் கூடாது, குலுக்கக் கூடாது, போடுவதற்கு அரைமணி முன்னால் எடுத்தால் போதும்.

எங்கள் வீட்டில் மாதா படத்துக்கு முன்னால் வைக்காமல் இருமல் மருந்துகூட வாய்க்குள் போகாது. மருமகள் ஆபீஸ் போனதும் பெட்டியை எடுத்து மாதா காலடியில் வைத்து, பக்கத்தில் பெரிய மெழுகுவர்த்தியாகப் பார்த்து ஏற்றினேன். ஜெபமாலை சொல்லிக்கொண்டே தூங்கிவிட்டேன்.

சாயந்திரம் எனக்கு ஊசி போட வீட்டுக்கு வந்த நர்சம்மா பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னா ஆயா, ஊசிய வேக வெச்சிக்கினு கீறியா?"

"மாதாகிட்ட வெச்சேன். ஆசீர்வாதம் ஏறியிருக்கும், போடு."

"சூடுதான் ஏறிக்கீது. இது இனிமே வேலைக்கு ஆவாது. நான் போட மாட்டேன்."

"அப்ப அணு எப்படி ஏறும்? மாதாவை விட உனக்குத் தெரியுமா?"

"மாதாவுக்கு எல்லாம் தெரியும். ஃப்ரிட்ஜ்ல வெக்கச் சொன்னதும் தெரியும். உனக்குத்தான் தெரில."

மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தேன். மகன் ஓடிப்போய் மந்தைவெளிக் கடையில் புதுப் பெட்டி வாங்கிவந்தான். நர்சம்மா என் காபியைக் குடித்து அரைமணி ஓட்டிவிட்டு, முதலில் குத்திய இடத்தை விட்டுத் தள்ளி வயிற்றில் போட்டாள்.

மாதா இல்லாமல் மருந்தா? மறுநாள் படத்தையே ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டேன். மெழுகுவர்த்தி மட்டும் வேண்டாம் என்று மருமகள் கெஞ்சினாள். போகட்டும் என்று விட்டேன். இப்போது தயிர் எடுக்கப் போகிறவர்கள்கூட சிலுவை போட்டுவிட்டுத்தான் கதவைத் திறக்கிறார்கள்.

தினம் ஊசி போடப் போட இடுப்பெலும்பு குடைந்தது; அந்த ஊசிக்கு அப்படித்தானாம், டாக்டர் சொன்ன மாத்திரையில் அடங்கியது. நேற்று ரத்தம் பார்த்தார்கள். அணு ஏறிவிட்டது, திங்கட்கிழமை கீமோ.

"மாதா ஏத்திட்டா," என்றேன்.

"ஊசியும் கொஞ்சம் உதவிச்சும்மா," என்றார் டாக்டர்.

கொஞ்சம் என்பதை ஒப்புக்கொண்டேன்.

சைதாப்பேட்டையில் என் தம்பி பெண்டாட்டிக்கும் இதே ஊசியாம். அவள் வீட்டில் மாதா படம் அடுப்புக்கு மேலே இருக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதினேன். ஏ பேத்தி, இங்கே வா. இதை உரக்கப் படி, அவளுக்குப் புரியுமா பார்ப்போம். சிரிக்காமல் படி.